இன்-ஸ்டேட் கட்டணம் வேண்டுமா? பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே ஆரம்பியுங்கள்

அமெரிக்காவில் பிள்ளை ஹைஸ்கூலுக்குப் போய்விட்டால் நம் வீடுகளில் எஸ்ஏடி, ஏபி வகுப்பு, எந்த யுனிவர்சிட்டிக்கு என்ன ரேங்க் என்பதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. ஆனால் குடும்பக் கணக்கை அடியோடு மாற்றக்கூடிய ஒரு கேள்வியைக் கடைசி நேரம் வரை யாரும் கேட்பதில்லை. நாம் இருக்கும் இந்த மாநிலம் நம் பிள்ளையைத் தன் ஊர்ப் பிள்ளையாக ஒத்துக்கொள்ளுமா, ஒத்துக்கொள்ள என்ன காகிதம் கேட்கும்?

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஊரில் டியூஷன் என்றால் மாலையில் மாஸ்டர் வீட்டுக்குப் போய்ப் படிப்பது. இங்கே அது கல்லூரிக்குக் கட்டும் கல்விக் கட்டணம். அரசுப் பல்கலைக்கழகங்களில் இதற்கு இரண்டு விலை. மாநிலத்துக்காரருக்கு இன்-ஸ்டேட், மற்றவர்களுக்கு அவுட்-ஆஃப்-ஸ்டேட். எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு சொல்லும் 2024-25 சராசரி, நாலு வருஷ அரசுக் கல்லூரியில் உள்ளூர்க்காரருக்கு வருஷத்துக்கு 11,610 டாலர், வெளி மாநிலத்தவருக்கு 30,780 டாலர். நாலு வருஷத்துக்கு வித்தியாசம் 76,000 டாலருக்கு மேல். இது சராசரிதான். ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவர் வருஷத்துக்கு 18,000 டாலரை ஒட்டிக் கட்டினால் வெளியிலிருந்து வருபவர் 60,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். கலிஃபோர்னியாவின் யுசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் வெளி மாநிலத்தவருக்கென்று தனியாக 30,000 டாலருக்கும் அதிகமாக ஒரு தொகை சேரும். ஸ்டான்ஃபோர்டு, ரைஸ் மாதிரி தனியார் இடங்களில் இந்தப் பேதம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே கட்டணம், ஆகவே அங்கே மட்டும்தான் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் நீங்கள் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

அரசுக் கல்லூரியின் செலவில் ஒரு பங்கை மாநில அரசு தன் வரிப்பணத்திலிருந்து கொடுக்கிறது. அந்த வரியைக் கட்டும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் சலுகை என்பது இதன் அடிப்படை. அதனால் நேற்று வந்து இறங்கியவர் இன்று கேட்டால் தரமாட்டார்கள். குறைந்தது ஒரு வருஷமாவது இருந்திருக்க வேண்டும் என்ற விதி மினசோட்டாவில் வழக்கானபோது, 1971-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. அடுத்து 1973-ல் கனெக்டிகட் வழக்கில், சேரும்போது வெளி ஊர்க்காரன் என்பதற்காகப் படிப்பு முடியும்வரை வெளி ஊர்க்காரனாகவே வைத்திருப்பது செல்லாது, உள்ளூர்க்காரன் என்று நிரூபிக்க மாணவனுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பானது. இப்போது நீங்கள் பார்க்கும் ரெசிடென்சி (மாநிலத்துக்காரர் என்ற தகுதி) விண்ணப்பம், மேல்முறையீடு எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு தீர்ப்புகளும்தான் பின்னணி. காத்திருக்கச் சொல்ல மாநிலத்துக்கு உரிமை உண்டு, காட்டி நிரூபிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

பெரும்பாலான மாநிலங்களில் சோதனை இரண்டு பகுதி. 12 மாதம் தொடர்ந்து இருந்தீர்களா என்பது ஒன்று, இங்கேயே நிலையாக இருக்கும் எண்ணம் உண்டா என்பது மற்றொன்று. எண்ணத்தை யாரும் மனதைத் திறந்து பார்க்க முடியாது, காகிதத்தில்தான் பார்ப்பார்கள். படிப்புக்காக மட்டும் வந்து தங்கினால் அது கணக்கில் வராது. இதை நம் ஆட்கள் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் வருஷம் அவுட்-ஆஃப்-ஸ்டேட் கட்டிவிட்டு, டார்மில் (கல்லூரி ஹாஸ்டலில்) ஒரு வருஷம் இருந்தால் அடுத்த வருஷம் இன்-ஸ்டேட் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்பா அம்மா நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள், வரிக் கணக்கில் பிள்ளையை டிபென்டென்ட் (தங்களைச் சார்ந்தவர்) என்று காட்டுகிறார்கள் என்றால் அந்தப் பிள்ளை பெரும்பாலும் நியூ ஜெர்சிக்காரன்தான், எந்த ஊர் ஹாஸ்டலில் தூங்கினாலும் சரி.

தேதிக் கணக்கு

ஏமாற்றம் வருவது அதிகமும் இங்கேதான். 12 மாதம் என்று எல்லோரும் சொல்வார்கள், எந்த நாளிலிருந்து பின்னோக்கி 12 மாதம் என்று கேளுங்கள், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் சென்சஸ் டேட் என்று ஒரு நாள் உண்டு, வழக்கமான செமஸ்டரில் வகுப்பு தொடங்கி 12-வது வகுப்பு நாள். அதற்கு முந்தைய 12 மாதமும் பெற்றோர் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். யுசியில் 366 நாள் கணக்கு, அதற்கு ரெசிடென்ஸ் டிடர்மினேஷன் டேட் என்று தனியாக ஒரு தேதி. வேறு சில மாநிலங்களில் வகுப்பின் முதல் நாள்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். பிள்ளை 2027 ஆகஸ்டில் கல்லூரி சேரப் போகிறான். உங்களுக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்து, 2026 செப்டம்பர் கடைசியில் மாறலாம் என்று இருக்கிறீர்கள். நாலைந்து வாரம் முன்னால் போயிருந்தால் முதல் செமஸ்டரே உள்ளூர்க் கட்டணம். தாமதித்ததால் அந்த ஒரு செமஸ்டருக்கு மட்டும் பத்தாயிரம் டாலர் கூடுதலாகப் போகலாம். பள்ளி திறப்பதற்கு முன் மாறிவிட வேண்டும் என்று பிள்ளைக்காக யோசிப்போம் இல்லையா, அதே நேரத்தில் லீஸும் (வீட்டு வாடகை ஒப்பந்தம்) அந்தத் தேதிக்கு முன்பே ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். தவறிவிட்டால் அடுத்த செமஸ்டருக்கு மறு வகைப்படுத்தல் (உள்ளூர்க்காரராக மாற்றுவது) கேட்கலாம், அதற்கும் கடைசித் தேதி உண்டு, பொதுவாக அந்தச் செமஸ்டருக்கு முன்பு அல்லது ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். கழிந்துபோன செமஸ்டருக்குப் பின்தேதியிட்டுத் திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பத்தாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள் என்று தலைப்பில் சொன்னதன் காரணம் இதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து யோசித்தால் தேதியை மாற்ற முடியாது.

காகிதம்

ஒரு ஃபோல்டர் திறந்துவையுங்கள். அதில் வீட்டு லீஸ் அல்லது வீட்டுப் பத்திரம், மாநில டிரைவிங் லைசன்ஸ், கார் ரிஜிஸ்ட்ரேஷன், வரிக் கணக்கு, டபிள்யூ-2 (முதலாளி தரும் வருடாந்தரச் சம்பளப் படிவம்), வேலை செய்யும் இடத்திலிருந்து எந்தத் தேதியிலிருந்து எந்த ஊரில் வேலை என்று சொல்லும் கடிதம், கரன்ட் பில், பள்ளி டிரான்ஸ்கிரிப்ட். இவற்றில் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. ஃப்ளோரிடாவில் குறைந்தது இரண்டு ஆவணம் கேட்பார்கள், அதில் ஒன்றாவது முதல் வரிசைப் பட்டியலில் இருக்க வேண்டும், லைசன்ஸ், வாகனப் பதிவு, ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான சொத்து வரிச் சலுகை) போன்றவை அந்தப் பட்டியலில் வரும், கரன்ட் பில் அடுத்த வரிசைதான். டெக்சாஸில் உள்ளூரில் வேலை, சொந்த வீடு, சொந்தத் தொழில் ஆகியவற்றுக்குத்தான் முதல் மரியாதை. டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன் போன்ற இடங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது, அதனால் மாநில வரிக் கணக்கு என்ற நல்ல சாட்சி உங்களிடம் இருக்காது, மற்ற காகிதங்கள் இன்னும் பலமாக இருக்க வேண்டும்.

மாறிய உடனே, அதே மாதத்தில், லைசன்ஸையும் கார் பதிவையும் மாற்றிவிடுங்கள். பழைய மாநிலத்து லைசன்ஸ் இன்னும் இரண்டு வருஷம் செல்லுமே என்று விட்டுவிடுவது நம் பழக்கம். பரிசீலிப்பவர் கண்ணுக்கு அது நீங்கள் இன்னும் அந்த ஊரை விடவில்லை என்பதற்கான அடையாளம். மாறிய வருஷம் பழைய மாநிலத்தில் முழு வருஷ ரெசிடென்ட் என்று வரிக் கணக்கு போட்டுவிட்டு இங்கே வந்து நான் மே மாதமே வந்துவிட்டேன் என்று சொன்னால் எடுபடாது, அந்த வருஷம் பார்ட்-இயர் ரெசிடென்ட் என்றுதான் போட வேண்டும், அதில் உள்ள தேதியே உங்களுக்குச் சாட்சி.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வாக்காளர் பதிவு பல மாநிலங்களில் ரெசிடென்சிக்கு ஆதாரமாகப் பட்டியலில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு சிட்டிசன் அல்லாதவர்கள் பதிவு செய்துவிடக் கூடாது. லைசன்ஸ் அலுவலகத்தில் ஓட்டர் பட்டியலில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் தெரியாமல் டிக் அடித்தால்கூட குடியேற்ற விஷயத்தில் பெரிய சிக்கலாகும், கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இதேதான். பதினெட்டு வயது ஆன பிள்ளை தனியாக லைசன்ஸ் எடுக்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

விசா

நம் வீடுகளில் உண்மையான பயம் இதுதான். கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பதினைந்து வருஷம் நிற்கிறோம், பிள்ளை எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரைச் சார்ந்தவருக்கான விசா), இன்-ஸ்டேட் கிடைக்குமா?

பல மாநிலங்களில் கிடைக்கும். காரணம் புரிந்தால் பயம் குறையும். எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டம்), பி (சுற்றுலா, வருகை) விசாக்களுக்குச் சொந்த நாட்டில் உள்ள வீட்டைக் கைவிடவில்லை, திரும்பிப் போவேன் என்பது நிபந்தனை. திரும்பிப் போவேன் என்று சொல்லி வந்தவர் இங்கேயே நிலையாக இருக்கப் போகிறேன் என்று சொல்ல முடியாது அல்லவா. எச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்கள், அவற்றில் இருப்பவரைச் சார்ந்தவருக்கான எச்-4, எல்-2 ஆகியவற்றில் அந்த நிபந்தனை இல்லை, கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கலாம். ஆகவே நிலையாகக் குடியிருக்கத் தகுதியான விசாக்கள் என்று மாநிலங்கள் வைத்திருக்கும் பட்டியலில் இவை இடம் பெறுகின்றன. டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் எச்-4 பிள்ளை மற்ற உள்ளூர்ப் பிள்ளைகளைப் போலவே கேட்கலாம். 1982-ல் மேரிலாந்து வழக்கு ஒன்றும் இதற்கு வழி விட்டது. தலைநகர் வாஷிங்டன் டிசியை ஒட்டி உலக வங்கி போன்ற அமைப்புகளில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் ஜி-4 (சர்வதேச அமைப்பு ஊழியர், குடும்பத்தாருக்கான) விசாவில் இருந்தார்கள், அவர்களுக்கு மாநிலம் உள்ளூர்க் கட்டணம் தர மறுத்தது, அந்த மறுப்பு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். இருந்தாலும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பட்டியல், ஆகவே உங்கள் மாநிலத்தின் பட்டியலை உங்கள் கண்ணால் பாருங்கள், வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். விதிகள் மாறவும் செய்யும். ஆவணமில்லாத மாணவர்களுக்கு டெக்சாஸ் 2001-லிருந்தும் ஃப்ளோரிடா 2014-லிருந்தும் தந்துவந்த சலுகை இரண்டுமே 2025-ல் நின்றுபோனது. அது நம் எச்-4 பிள்ளைகளைப் பற்றியது அல்ல. ஆனால் மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கத்தைப் படித்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு அது போதும்.

எச்-4 பிள்ளைக்கு 21 வயது ஆகும் நாளையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று எச்-4 முடிகிறது, பெரும்பாலும் எஃப்-1-க்கு மாறுவார்கள். எஃப்-1-க்கு மாறினால் சில இடங்களில் உள்ளூர்க் கட்டணம் தொடரும், சில இடங்களில் அறுந்துபோகும். மூன்றாம் வருஷம் படிக்கும்போது கட்டணம் திடீரென்று மும்மடங்கானால் குடும்பம் தாங்காது. சேரும்போதே எழுதிக் கேட்டு வையுங்கள். ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டு ரசீது கையில் இருந்தால் பல மாநிலங்களில் விசா தகுதிக்கு அதுவே போதும், ஆகவே ஐ-797 என்ற அந்த ரசீதின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். இன்னொன்று, இன்-ஸ்டேட் கட்டணம் கிடைத்தால் ஃபாஃப்சா (மத்திய அரசின் உதவிக்கான விண்ணப்பம்) வழி உதவித்தொகையும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், அது வேறு. மத்திய அரசின் உதவி எச்-4 பிள்ளைக்குக் கிடையாது.

விண்ணப்பத்தில் நாங்கள் செய்த தப்பு

எங்கள் மகள் விண்ணப்பம் போட்டபோது நாங்கள் அந்த மாநிலத்தில் ஆறு வருஷமாக இருந்தோம், சொந்த வீடு, வரி எல்லாம் சரி. அட்மிஷன் கடிதம் வந்தது, கூடவே அவுட்-ஆஃப்-ஸ்டேட் என்று கட்டணமும் வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நடந்தது இதுதான். சிட்டிசனா, கிரீன் கார்டா என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டுவிட்டு, அடுத்து வந்த விசா வகை, பெற்றோர் விசா வகை என்ற கட்டங்களை அவள் காலியாக விட்டிருக்கிறாள். கணினி அவளை வெளிநாட்டு மாணவி என்று எடுத்துக்கொண்டது. ஐ-94 என்ற நுழைவுப் பதிவு, ஐ-797, வீட்டுப் பத்திரம், வேலைக் கடிதம் எல்லாம் அனுப்பி, மூன்று முறை பதில் எழுதி, ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து மாற்றினார்கள்.

ஆகவே அந்தப் பகுதியைப் பிள்ளை பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து நிரப்புங்கள். டெக்சாஸில் ரெசிடென்சி கேள்விகள் விண்ணப்பத்துக்குள்ளேயே வரும், யுசியில் சேர்ந்த பிறகு ஸ்டேட்மென்ட் ஆஃப் லீகல் ரெசிடென்ஸ் என்று தனிப் படிவம், நார்த் கரோலினாவில் எல்லாக் கல்லூரிக்கும் சேர்த்து ஆர்டிஎஸ் என்ற ஒரே சேவை, அதில் ஒரு எண் வாங்கி எல்லா இடத்திலும் போட வேண்டும். பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் ஃபோன் செய்தால் அலுவலகத்தில் பேச மாட்டார்கள், மாணவர் விவரங்களின் ரகசியத்தைக் காக்க 1974-ல் வந்த ஃபெர்பா சட்டப்படி மாணவர் அனுமதி எழுதித் தர வேண்டும். அந்த அனுமதியை முதலிலேயே போட்டுவிடுங்கள், மெயிலைப் பிள்ளையின் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். மறுத்தால் கடிதத்தில் சொன்ன காரணத்தை ஒவ்வொன்றாக எடுத்து அதற்கு ஒரு காகிதம் வீதம் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள், எங்கள் கஷ்டத்தைப் பாருங்கள் என்று எழுதுவதில் பயன் இல்லை. அவர்கள் தேடுவது தேதியும் ஆதாரமும் மட்டுமே.

அப்பாவுக்குக் கிளையன்ட் ஓஹையோவில், அம்மாவும் பிள்ளைகளும் டல்லாஸில் என்று இருக்கும் கன்சல்டிங் குடும்பங்கள் நிறைய. பல மாநிலங்களில் ஒரு பெற்றோர் உள்ளூரில் நிலையாக இருந்தால் போதும். ஆனால் அந்த ஒருவர் பெயரில் காகிதம் இருக்க வேண்டும். லீஸ், கார், பில் எல்லாம் அப்பா பெயரில் மட்டும் இருந்து அவரோ வாரம் முழுக்க வேறு மாநிலத்தில் வேலை பார்த்து அங்கே வரி கட்டினால் அம்மாவுக்குக் காட்ட எதுவும் இருக்காது. இன்றே லீஸில் இரண்டு பேர் பெயரையும் சேருங்கள்.

வெளி மாநிலமே வேண்டும் என்றால்

குறைக்க வழிகள் உண்டு. மேற்கு மாநிலங்களுக்குள் டபிள்யூயூஇ (வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச்) என்ற ஏற்பாட்டில் உள்ளூர்க் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்க மாட்டார்கள், மத்திய மேற்கு மாநிலங்களிலும் இதே போன்ற ஒரு திட்டம் உண்டு. பெர்க்லி, சியாட்டல் போன்ற பெரிய வளாகங்களை டபிள்யூயூஇ-யில் தேட வேண்டாம், சில வளாகங்களில் எல்லோரும் கேட்கும் படிப்புகளுக்கும் இது பொருந்தாது. தெற்கே அகடமிக் காமன் மார்க்கெட் வழியாக, உங்கள் மாநிலத்தில் இல்லாத ஒரு படிப்புக்கு அடுத்த மாநிலத்தில் உள்ளூர்க் கட்டணத்திலேயே சேரலாம். மினசோட்டா, விஸ்கான்சின் இரண்டுக்கும் இடையே தனி ஒப்பந்தம். ஃப்ளோரிடாவில் தாத்தா பாட்டி அந்த மாநிலத்து ரெசிடென்டாக இருந்தால் நல்ல மதிப்பெண் வைத்துள்ள சில நூறு பேருக்குக் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள், பேரனைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்து தங்கும் நம் தாத்தா பாட்டிக்கு அது பொருந்தாது.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் எம்எஸ் படிக்க வருபவர்களுக்கு, எஃப்-1-ல் ஒரு வருஷம் இருந்தாலும் பொதுவாக ரெசிடென்ட் ஆக முடியாது. ஆனால் டெக்சாஸில் பல்கலைக்கழகம் போட்டியின் மூலம் தரும் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி வரும். அரை நேர அளவிலாவது டீச்சிங் அசிஸ்டென்ட், ரிசர்ச் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தாலும் அப்படித்தான். ஸ்காலர்ஷிப் தொகை சின்னது என்று தட்டிக்கழிக்காதீர்கள், அதனால் குறையும் கட்டணம்தான் பெரியது.

கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டு வருஷ அரசுக் கல்லூரி) வழியாகப் போவதாக இருந்தால் டெக்சாஸில் மாநிலம் மட்டும் அல்ல, மாவட்டமும் பார்ப்பார்கள். அந்தக் கல்லூரிக்கு வரி கட்டும் எல்லைக்குள் வீடு இருந்தால் ஒரு விலை, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தால் இன்னொரு விலை. வீடு பார்க்கும்போதே இதையும் விசாரியுங்கள்.

இந்த வாரம் முடிந்தால் பிள்ளை விரும்பும் கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். நாங்கள் இந்தத் தேதியில் இந்த மாநிலத்துக்கு வந்தோம், எங்கள் விசா இது, பிள்ளையின் விசா இது, 21 வயது ஆகும் தேதி இது, எந்த நாளிலிருந்து 12 மாதம் கணக்கிடுவீர்கள், என்ன ஆவணம், கடைசித் தேதி எது, விசா மாறினால் என்ன ஆகும், இடையில் வேலைக்காக நாங்கள் மாநிலம் மாறினால் பிள்ளைக்குக் கட்டணம் தொடருமா. இவ்வளவுதான் கேட்க வேண்டும். பதில் வந்ததும் பிரின்ட் எடுத்து ஃபோல்டரில் முதல் தாளாக வையுங்கள்.